கோட்டை என்று போனேன், கடை இருந்தது

செப்டம்பர் 12, வியாழன்

மகன் வேலை பார்க்கும் வில்லிஸ்டனுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எண்ணெய்க் கிணற்று ஊர் இது. ராத்திரி காரில் வந்தால் வயல்களுக்கு நடுவே தீப்பந்தம் நட்ட மாதிரி எரிவாயு எரிகிறது. மகனுக்கு இரண்டு வாரம் கிணற்றடியில் வேலை, இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு. ஓய்வு இன்று ஆரம்பித்தது. “எங்கேப்பா போகணும்?” என்றான். வந்த அன்றைக்கே சாலையோரப் பலகையில் ‘ஃபோர்ட் யூனியன்’ என்ற பெயரைப் பார்த்து வைத்திருந்தேன். திண்டுக்கல், செஞ்சி, வேலூர் என்று கோட்டை பார்த்தே வளர்ந்தவன் நான். பக்கத்தில் ஒரு கோட்டை இருக்கிறது என்று தெரிந்தால் போகாமல் இருக்க முடியாது.

நேராகப் போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகன் தெற்கே போய், மேற்கே மான்டானா மாநிலத்துக்குள் நுழைந்து சிட்னி என்ற ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினான். வழியில் யெல்லோஸ்டோன் ஆற்றின் மேல் ஒரு பழைய ரயில் பாலம். படகு வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும்படி கட்டியிருக்கிறார்கள். 1914-ல் சோதனைக்காக ஒரே ஒரு முறை தூக்கியதோடு சரி. இப்போது ரயிலும் கிடையாது. நடந்து போகலாம். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

சாப்பாட்டுக் கடையில் நெஃப்லா சூப் வாங்கினோம். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டு வந்த உணவு. பாலாடை மாதிரி கெட்டியான ரசத்தில் உருளைக்கிழங்கும் மாவு உருண்டைகளும் மிதக்கின்றன. நம்ம பால் கொழுக்கட்டையை இனிப்பில்லாமல் மிளகு போட்டுச் செய்த மாதிரி. என் மனைவிக்கு மாட்டிறைச்சி ஆகாது. பரிமாறிய பெண் அதைக் கேட்டதும் எழுதிக்கொண்டாள், உள்ளே போய் சமையல்காரரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து, “இதில் இல்லை, இதில் இருக்கிறது” என்று விரல் வைத்துக் காட்டினாள். கூட்ட நேரத்தில் அவ்வளவு பொறுமை. நான்கு பேருக்கு டிப்ஸோடு 61 டாலர். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தப் பொறுமைக்குக் கொடுக்கலாம்.

அங்கிருந்து வடக்கே போய்க் கோட்டையை அடைந்தபோது, மூடுவதற்கு முக்கால் மணி நேரம் இருப்பதாகக் கைப்பேசி காட்டியது. வெள்ளை அடித்த உயர மரச் சுவர், இரண்டு மூலையில் கல் கொத்தளம், நடுவில் பெரிய கொடி. வண்டியை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தோம். கதவு சாத்தியிருந்தது. பூட்டிவிட்டு வெளியே வந்த ஊழியர் எங்களைப் பார்த்து நின்றார். “நீங்கள் வண்டி நிறுத்திய இடம் மான்டானா. கோட்டை நிற்பது வடக்கு டகோட்டாவில். எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகிறது” என்றார். வாகன நிறுத்தத்துக்கும் வாசலுக்கும் நடுவே மாநில எல்லை போகிறதாம். மான்டானாவுக்குள் புகுந்ததும் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரத்தைப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது.

மகனுக்கு ரொம்ப வருத்தம். நான் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தேன். வாசலுக்கு மேலே ஒரு ஓவியம்: வெள்ளைக்காரரும் பூர்வகுடித் தலைவரும் கை குலுக்குகிறார்கள். கோட்டை வாசலில் கை குலுக்கும் படத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நம்ம ஊரில் வாசலில் யாளி நிற்கும், பீரங்கி நிற்கும். நாளைக்குக் காலையில் முதல் ஆளாக வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

மருமகள் விடிகாலையில் எழுந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். கோட்டைப் பக்கம் சாப்பாட்டுக் கடை எதுவும் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது. உள்ளே நுழைந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இது படை இருந்த கோட்டை இல்லை. கடை.

1828-ல் அமெரிக்க ஃபர் கம்பெனி என்ற தோல் வியாபாரக் கம்பெனி, மிசௌரி ஆறும் யெல்லோஸ்டோன் ஆறும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இதைக் கட்ட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் மதில் வைத்த வியாபாரக் கிடங்கு எல்லாவற்றுக்குமே ‘ஃபோர்ட்’ என்று பெயர். அசினிபோயின், க்ரோ, க்ரீ, பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடி மக்கள் எருமைத் தோலை, அதாவது இந்தப் பக்கத்துப் பைசன் எருமையின் தோலை, கொண்டுவந்து கொடுத்துவிட்டு துணி, கம்பளி, பாசிமணி, பித்தளைப் பானை, கத்தி, துப்பாக்கி, புகையிலை வாங்கிப் போனார்கள். ஆண்டுக்கு 25,000 எருமைத் தோலுக்கு மேல் இங்கிருந்து போயிருக்கிறது. 1867 வரை, ஏறக்குறைய நாற்பது வருடம் நடந்த கடை.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 34 வருடம் கணக்கு எழுதியவன். கல்லாவும் பேரேடும்தான் என் உலகம். அதனால் மற்றவர்கள் சுவரையும் கொத்தளத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் கால் நேராக வாசலை ஒட்டிய வியாபாரக் கட்டடத்துக்குப் போனது.

இரண்டு அறை. முதல் அறையில் பெஞ்சும் கணப்பும். வியாபாரத்துக்கு வந்த தலைவரை முதலில் இங்கேதான் உட்கார வைப்பார்கள். புகைக்குழாய் கை மாறும். இருவரும் பேசுவார்கள். கம்பெனி அன்பளிப்பு கொடுக்கும். அதற்கப்புறம்தான் சரக்குப் பேச்சு. அந்தக் காலத்து உடையில் நின்றிருந்த ஊழியர் இதைச் சொன்னபோது, நான் மகன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பத்துக்கு நாங்களும் இதையேதான் செய்தோம். முதலில் ஜமக்காளத்தில் உட்கார வைப்போம். காபியா, கலரா என்று கேட்போம். பெரியவரிடம் ஊர், பேர், சம்பந்தி வீடு எல்லாம் விசாரிப்போம். அப்புறம்தான் முதல் புடவையை விரிப்போம். விரித்த உடனே விலை சொல்லும் கடைக்கு இரண்டாம் தடவை யாரும் வர மாட்டார்கள் என்று எங்கள் முதலாளி சொல்வார்.

இரண்டாவது அறை சரக்கு அறை. நடுவே மேடை, பின்னால் கூரை வரை அலமாரி. சுருள் சுருளாகப் புகையிலை, சரம் சரமாக வெனிஸ் நகரத்துப் பாசிமணி, குங்குமச் சிவப்புச் சாயப் பொட்டலம், கண்ணாடி, மடித்து அடுக்கிய கம்பளி. எல்லாம் இப்போது செய்த மாதிரிச் சரக்குகள். ஆனால் அடுக்கியவருக்கு அடுக்கத் தெரிந்திருக்கிறது. அடர்ந்த நிறம் கண் மட்டத்தில், வெளிறியது கீழே.

பூப்போட்ட பருத்தித் துணி ஒன்றை ஊழியர் எடுத்து “காலிகோ” என்றார். நம்ம கள்ளிக்கோட்டையின் பெயர்தான் அப்படி ஆனது. புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் காலிகோ என்று சொல்வது இதைத்தான். இந்த ஆற்றங்கரைக்கு வந்த காலத்தில் அந்தத் துணியை இங்கிலாந்து, அமெரிக்க மில்களே அச்சடித்துக்கொண்டிருந்தன. பெயர் மட்டும் நம்ம கரையிலிருந்து கிளம்பி இங்கே வரை வந்திருக்கிறது. ஊழியரிடம் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது, உச்சரிப்பு தெரியவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

நான் ரொம்ப நேரம் நின்றது ஒரு சிவப்புக் கம்பளித் துணியின் முன்னால். ஸ்ட்ரௌட் என்கிறார்கள். இங்கிலாந்தில் உள்ள ஊரின் பெயர். கையில் எடுத்தால் கனம். நெசவுக் கண்ணே தெரியாத அளவுக்கு அடித்து இறுக்கிய கம்பளி. ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குச் சாயம் ஏறாத வெள்ளைப் பட்டை. தறியில் வெள்ளை நூல் கொடுத்து நெய்த கரை இல்லை அது. சாயத் தொட்டியில் போடுவதற்கு முன் ஓரத்தை இறுக்கி மூடிக் கட்டிவிடுவார்களாம். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. எங்கள் சுங்குடிக்காரர்கள் முடிச்சுப் போடுவதும் அதற்குத்தானே! வெள்ளையும் சிவப்பும் சேரும் இடத்தில் சாயம் கொஞ்சம் கசிந்து ரோஜா நிறமாக நின்றது. கட்டிச் சாயம் போட்டதற்கு அதுதான் அடையாளம்.

வாங்கிய மக்கள் அந்த வெள்ளைக் கரையை வெட்டி எறியவில்லை. அதையே அழகாக்கி, பாவாடை ஓரத்திலும் காலுறை ஓரத்திலும் தெரியும்படி தைத்துக்கொண்டார்கள். வெள்ளைக் கரை சரியாக இல்லாத துணியை வேண்டாம் என்று ஒதுக்கவும் செய்தார்கள். ஆகவே இங்கிலாந்தில் இருந்த மில்காரர், தான் ஒருநாளும் பார்க்காத ஒரு பெண்ணின் ரசனைக்காக ஓரத்தை ஒழுங்காகக் கட்ட வேண்டியிருந்தது. “பாசிமணியைக் காட்டி ஏமாற்றினார்கள்” என்று பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது அந்த வாடிக்கையாளர்களுக்குச் செய்கிற அநியாயம். அவர்களுக்குத் துணி பார்க்கத் தெரியும்.

கம்பளிப் போர்வையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் நெய்திருந்தன. மூன்று கோடு, நான்கு கோடு. அதைப் ‘பாயிண்ட்’ என்கிறார்கள். இத்தனை கோட்டுக்கு இத்தனை தோல் என்று அர்த்தம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பிள்ளைக்குச் சொன்னார். ஊழியர் மெதுவாகத் திருத்தினார்: கோடு அளவைக் காட்டுவது, விலையை இல்லை. நாலு முழம், எட்டு முழம் என்று வேட்டி மடிப்பில் போடுகிற மாதிரிதான். மடித்து வைத்த போர்வையைப் பிரிக்காமலே அளவு சொல்லிவிடலாம்.

அப்போது உள்ளே வந்த ஒரு வயதான அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். மேற்கே ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் பெக் பூர்வகுடிப் பகுதியிலிருந்து பேத்தியோடு வந்திருந்தார், அசினிபோயின் இனத்தவர். வந்ததும் யாரிடமும் பேசவில்லை. அந்தச் சிவப்புத் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உரசிப் பார்த்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். விலை கேட்பதற்கு முன் எங்கள் கடை மேடையில் ஆயிரக்கணக்கான கைகள் செய்து நான் பார்த்த அதே உரசல். நான் துணிக்கடையில் வேலை பார்த்தவன் என்று மகன் மூலமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என்னைத் தோல் இருந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மேசை மேல் முழு எருமைத் தோல் ஒன்று, மயிரோடு. தொடலாம். விரல் மறைகிற அளவுக்கு அடர்த்தி, உள்ளே கை வைத்தால் உடனே சூடு. “திருப்பிப் பார்” என்றார் அந்த அம்மா. உள்பக்கம் வெள்ளை வேட்டி மாதிரி மிருதுவாக இருந்தது. நடுவில் நீளவாக்கில் ஒரு தையல். முழுத் தோல் ஒரு ஆள் புரட்டி வேலை செய்ய முடியாத கனம் என்பதால், இரண்டாகப் பிளந்து பதப்படுத்திவிட்டு நரம்பு நூலால் சேர்த்துத் தைப்பார்கள். தையலில் விரல் ஓட்டினேன். மேடு தெரியவில்லை.

வேட்டையாடுவது ஆண்கள். அதைத் தோலாக்குவது முழுக்கப் பெண்கள் வேலை. கொழுப்பைச் சுரண்ட வேண்டும், அந்த மிருகத்தின் மூளையையே அரைத்துத் தேய்த்து ஊற வைக்க வேண்டும், காய்வதற்குள் கயிற்றில் போட்டு இழுத்து இழுத்து மிருதுவாக்க வேண்டும். ஒரு தோலுக்குப் பல நாள் ஆகும். குளிர்கால மயிர்தான் அடர்த்தி. அதனால் வேலையும் பனியில்தான். “எங்கள் பாட்டிகளின் தோள்தான் இந்தக் கடையின் நாணயம்” என்றார் அவர். மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மாமியார் ராட்டையில் நூல் சுற்றியவர்.

எனக்கு ஒரு குறை. கம்பெனிச் சரக்குக்கு அலமாரி அலமாரியாக இடம் இருக்கிறது. அந்தச் சரக்குக்கு ஈடாக வந்த உழைப்புக்கு ஒரே ஒரு மேசை. இந்த அம்மா வந்திருக்காவிட்டால் நான் தோலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன், திருப்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

மதியம் காற்று மறைவாகச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பேத்திக்கு எலுமிச்சை சாதம் பிடித்துவிட்டது. கறிவேப்பிலையை ஒதுக்கவில்லை. பாட்டி எங்களுக்கு ஜூன்பெர்ரி என்ற பழத்தின் ஜாம் ஒரு சின்னப் புட்டி கொடுத்தார். நாவல்பழத்தின் துவர்ப்பில் பாதி, இனிப்பு அதிகம்.

பிறகு பெரிய வீட்டுக்குள் இருக்கும் அருங்காட்சியகம். பூர்ஷ்வா வீடு என்கிறார்கள். இங்கே கடை மேலாளருக்குப் ‘பூர்ஷ்வா’ என்று பெயர். தமிழில் இந்தச் சொல்லை வேறு மேடையில் கேட்டுப் பழகிய எனக்கு முதலில் திகைப்பாக இருந்தது. 1867-ல் ராணுவம் இந்தக் கோட்டையை வாங்கிப் பிரித்து, பக்கத்தில் தன் முகாமுக்கு மரம் எடுத்துக்கொண்டது. மண்ணுக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு தேசியப் பூங்காத் துறை நிலத்தை வாங்கி, அகழாய்வு செய்து, 1985 முதல் 1991 வரை அதே அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டியது. எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள உதவியவர்களில் ஒருவர் ருடால்ஃப் கூர்ட்ஸ் என்ற சுவிஸ் ஓவியர். 1851-ல் இங்கேயே எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்து தள்ளியிருக்கிறார். அவருக்கு முன்னால் 1832-ல் ஜார்ஜ் கேட்லின் என்ற ஓவியர் வந்து, கொத்தளத்தில் பீரங்கியின் பின்புறத்தில் உட்கார்ந்து தலைவர்களை வரைந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணிலிருந்து கிடைத்தவை: உடைந்த பீங்கான், களிமண் புகைக்குழாய்த் துண்டு, பொத்தான், பலகை இடுக்கில் விழுந்து தப்பித்த பாசிமணிகள். கடை பெருக்கியவர் கண்ணுக்குப் படாமல் போன மணிகள்.

செப்டம்பர் 14, சனி

காலையிலிருந்து தூறல், நடுக்கும் காற்று. நேற்று சட்டை ஒட்டிய வியர்வை, இன்று ஸ்வெட்டர். இரண்டு ஆறும் சேரும் இடத்துக்குப் போனோம். மிசௌரியும் யெல்லோஸ்டோனும் கலங்கிய நிறத்தில் ஓசையில்லாமல் கலக்கின்றன. கூடுதுறை என்றால் படித்துறையும் கோயிலும் தேடுகிற கண்ணுக்கு, நாணலும் பருத்திமர வரிசையும் மட்டுமே.

இந்த வழியாகத்தான் நீராவிக் கப்பல் வந்தது. 1832-ல் ‘யெல்லோ ஸ்டோன்’ என்ற கப்பல் முதல்முதலாகக் கோட்டை வரை வந்து சேர்ந்தது. கீழே செயின்ட் லூயிஸிலிருந்து ஆற்றில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். மேலே வரும்போது துணி, கீழே போகும்போது பத்துப் பத்தாக அழுத்திக் கட்டிய எருமைத் தோல்.

1837 ஜூனில் வந்த ‘செயின்ட் பீட்டர்ஸ்’ கப்பலில் சரக்கோடு பெரியம்மையும் வந்தது. கோட்டைப் பொறுப்புக்கு வந்தவரே நோயோடு இறங்கினார். உள்ளே இருந்த பூர்வகுடிப் பெண்களுக்குத் தடுப்பு என்று நினைத்து, நோயாளியின் புண்ணிலிருந்தே எடுத்துக் குத்தினார்கள். பலர் இறந்துபோனார்கள். வெளியே அசினிபோயின் மக்கள் வழக்கம்போல் வியாபாரத்துக்கு வந்தார்கள். கிட்டே வராதீர்கள் என்றால் நம்பவில்லை, சரக்கை ஒளிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். கடைசியில் முகம் முழுக்க அம்மைப் பொருக்கு மூடிய ஒரு சிறுவனை மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். நம்ம ஊரில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் பால்காரர்கூடத் தள்ளி நின்று கூப்பிடுவார். அங்கே வேப்பிலைக்குப் பதில் ஒரு பிள்ளையைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடையிலும் அடுத்த மாதங்களிலும் சமவெளி முழுவதும் ஊர் ஊராகக் காலியானது. கீழே ஆற்றங்கரையில் இருந்த மண்டான் மக்களில் நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள்.

இதை எழுதி வைத்தவர் சார்ல்ஸ் லார்ப்பென்டர் என்ற எழுத்தர். பிரான்சில் பிறந்தவர், 1833-ல் இங்கே வந்தவர். குடிக்க மாட்டார் என்பதாலேயே சாராய வியாபாரத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள். பூர்வகுடிப் பகுதிக்குள் சாராயம் கொண்டுவருவதை அரசாங்கம் 1832-ல் தடை செய்தது. மேலாளர் கென்னத் மெக்கன்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ‘கொண்டுவருவது’தானே தடை என்று, இங்கேயே காய்ச்சும் கருவியை வரவழைத்து மண்டான் மக்களின் சோளத்தில் வடித்தார். விஷயம் வெளியே தெரிந்து பெரிய சிக்கலானது. பேரேட்டில் இந்த வரியை எழுதியவர் யாரோ, அவர் கை எப்படி எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கடையிலும் முதலாளி சொல்லி நான் எழுதிய வரிகள் உண்டு. பற்று வைத்த குடும்பம் திருப்ப முடியாமல் நகையைக் கொண்டுவந்த நாட்களில், சிட்டையில் அந்தத் தொகையை அடித்தது என் பேனாதான்.

பக்கத்திலேயே ஃபோர்ட் பியூஃபோர்ட். ஃபோர்ட் யூனியனைப் பிரித்த மரம் வந்து சேர்ந்த ராணுவ முகாம். 1881 ஜூலையில் லகோட்டா தலைவர் சிட்டிங் புல் பசியோடு தன் மக்களைக் கூட்டிக்கொண்டு வந்து சரணடைந்தது இங்கேதான். தன் துப்பாக்கியைச் சின்ன மகனிடம் கொடுத்து அவன் கையால் ஒப்படைக்கச் சொன்னார். அந்த வீடு இன்னும் நிற்கிறது. மழையில் கொஞ்ச நேரம் நின்றோம். என் மனைவி “அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டாள். பிறகு காரில் யாரும் பேசவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரைக்கு ஃபோன் போட்டேன். அங்கே காலை ஏழரை. எங்கள் கடையில் துணி கிழித்துக் கொடுத்த நண்பர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், இன்னும் வேலைக்குப் போகிறார். ஸ்ட்ரௌட் துணியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பன்னா எவ்வளவுண்ணே?”

அகலம் பார்க்கவில்லை. துணியின் கனம் பார்த்தேன், கரை பார்த்தேன், சாயக் கசிவு பார்த்தேன், பன்னா பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

வெயில் திரும்பியது. தெற்கே தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவின் வடக்குப் பகுதிக்குப் போனோம். வண்டிக்கு 30 டாலர். வழி நெடுக முற்றித் தலை கவிழ்ந்த சூரியகாந்தி வயல்.

எருமை பார்த்தோம். நம்ம எருமை இல்லை, பைசன். சாலையின் நடுவே ஒரு தாயும் கன்றும் நின்றதால் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. இருபது நிமிடம். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. தாயின் தோளிலும் கழுத்திலும் குளிருக்கு மயிர் அடர ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை நான் கை வைத்த அதே இடம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்தவை, 1880-களின் முடிவில் ஏறக்குறைய ஆயிரமாகக் குறைந்துவிட்டன. ரயில் வந்ததும் மயிர்த்தோலுக்கு மட்டுமில்லாமல் ஆலைகளின் பெல்ட்டுக்காகவும் சுட்டார்கள், சதையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். எருமை போனதும் தோல் கொண்டுவந்த கைகளில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. சிட்டிங் புல் பசியோடு வந்ததற்குக் காரணம் அதுதான்.

மாலையில் வாட்ஃபோர்ட் சிட்டியில் ஐஸ்கிரீம். வேறு எதுவும் சாப்பிடத் தோன்றவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

“மறுபடியும் அங்கேயாப்பா?” என்று மகன் கேட்டான், ஆனால் சாவியை எடுத்துக்கொண்டான். இந்த முறை வில்லிஸ்டனிலிருந்து நேராகப் போனோம். மான்டானா பக்கம் போகவில்லை. கடிகாரம் ஒழுங்காக இருந்தது.

முதலில் பாட்மர் மேடு வரை நடந்தோம். 1833-ல் கார்ல் பாட்மர் என்ற ஓவியர் கோட்டையைப் படம் வரைந்த குன்று. ஏற்றம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் அதிகம். மேலே நின்று பார்த்தால் வெள்ளைச் சுவர் ஒரு தீப்பெட்டி அளவு. அவர் படத்தில் சுவரைச் சுற்றிலும் ஆள், குதிரை, கூடாரம். இப்போது புல், தூரத்தில் ரயில் பாதை, எண்ணெய்க் கிணற்றின் தலை மெல்ல ஏறி இறங்குகிறது.

வியாபார அறையில் அதே ஊழியர். என்னைப் பார்த்ததும் “கள்ளிக்கோட்டை” என்றார். ‘ள்’ சரியாகவே வந்தது. துணியின் அகலம் அளக்க வேண்டும் என்று மகன் சொன்னதும், டேப் தேடப் போனார். வேண்டாம் என்று கை காட்டினேன். அவர் மேடை மேல் துணியை விரித்துக் கொடுத்தார். முழங்கையை ஓரத்தில் வைத்தேன். நடுவிரல் நுனி பட்ட இடத்தில் இடது கையால் பிடித்துக்கொண்டு அடுத்த முழம் போட்டேன். முப்பத்துநாலு வருடம் கணக்கு எழுதியவன்தான், மேடையில் நின்று துணி அளந்தவன் இல்லை. ஆனால் எதிரே நின்று பார்த்துப் பார்த்துக் கைக்குத் தெரிந்திருந்தது. ஊழியர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் முடித்ததும் அவரும் தன் முழங்கையை வைத்து அளந்து பார்த்தார். அவர் உயரமான ஆள். அவர் கணக்கு வேறாக வந்தது. இது இப்போது நெய்த துணி, அந்தக் காலத்துத் தறியில் அகலம் வேறாகவும் இருந்திருக்கலாம் என்று அவரே சொன்னார்.

என் பேத்திக்கு நீலப் பாசிமணிச் சரம் ஒன்று வாங்கினேன். கிளம்பும்போது அந்த ஊழியர் இரண்டு மணிகளைக் கையில் வைத்து அழுத்தினார், காசு வேண்டாம் என்றார். கொசுறு.

ராத்திரி மதுரைக்குச் செய்தி அனுப்பினேன்: “பன்னா மூணு முழம் நாலு விரல். ரெண்டு பக்கமும் வெள்ளைக் கரை.”

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “அப்ப கிழிக்கிறவன் கரையில இருந்துதாண்ணே ஆரம்பிச்சிருப்பான்.”